வல்லூறுக்கு அவன் முகத்தைத் திருப்பிக் கொடுங்கள்

சிறுவர்க்கும் இளையோர்க்குமான மாயப் புனைவுகளை வெளியிடும் பதிப்பகங்களின் அட்டைப்படத் துறையினருக்கும், அந்நூல்களை நம் பள்ளிகளுக்கு விற்கும் விநியோகஸ்தர்களுக்கும்,

உர்சுலா கே. லெ குவின் எழுதி 1968இல் வெளிவந்த ‘எ விஸர்ட் ஆஃப் எர்த்ஸீ’ நாவலின் 40 பிரதிகளை எங்கள் பள்ளி நூலகத்துக்கு வாங்க விரும்பினேன். கதாநாயகனை நூலில் உள்ளபடியே மாநிறத்தவனாகக் காட்டும் அட்டையுடன் பிரதிகளை அனுப்ப இயலுமா என்று கேட்டு உங்களில் ஒருவருக்கு எழுதினேன். இரண்டு மாதம் கழித்து வந்த பதிலில் இரண்டே வரிகள் இருந்தன. இப்போதுள்ள அட்டையுடனேயே மறுஅச்சு நடக்கும் என்பது முதல் வரி. மாயாஜாலக் கதையில் தோல் நிறம் ஒரு பொருட்டல்ல என்பது இரண்டாம் வரி. முதல் வரி உங்கள் முடிவு. அதை மாற்றும்படி கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன். இரண்டாம் வரியில் உள்ளது உண்மையல்ல. அது ஏன் உண்மையல்ல என்பதை நாவலைக் கொண்டும், அதை என்னோடு படித்துக்கொண்டிருக்கும் 34 பிள்ளைகளைக் கொண்டும் விளக்க வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

வைகைக் கரையோரச் சிற்றூர் ஒன்றில் நான் பள்ளி நூலகர். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஏழாம் வகுப்பு நூலகத்துக்கு வரும். எங்களிடம் இந்த நாவலின் ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன பழைய மாணவி ஒருத்தி அனுப்பிய பெட்டியில் வந்தது. ஒரு பத்தியை ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு, அதையே தமிழில் சொல்வேன். நானும் இதை முன்பு படித்ததில்லை. பிள்ளைகளை விட்டுவிட்டு நான் மட்டும் முன்னால் போய்விடக் கூடாது என்பதற்காக, வகுப்பில் நிறுத்திய இடத்தைத் தாண்டி ஒரு பக்கமும் புரட்டுவதில்லை என்று வைத்திருக்கிறேன். மொத்தம் 10 அத்தியாயங்கள், 7 முடிந்திருக்கின்றன. ஆகவே இது கதையின் நடுவழியில் நிற்கும் ஒரு வாசகியின் மடல்.

நூற்றுக்கணக்கான தீவுகளாலான உலகம் எர்த்ஸீ. அங்கே ஒவ்வொரு மனிதருக்கும், விலங்குக்கும், கல்லுக்கும்கூட உண்மைப் பெயர் ஒன்று உண்டு. அதை அறிந்தவருக்கு அதன்மேல் ஆளுகை கிடைத்துவிடும் என்பதால், உண்மைப் பெயரை எவரும் வெளியில் சொல்வதில்லை. கூப்பிடுவதற்கு வேறு பெயர் வைத்துக்கொள்கிறார்கள். கதாநாயகனைக் கூப்பிடுவது ஒரு சிறிய வேட்டைப் பறவையின் பெயரால். அதை நான் வல்லூறு என்று சொன்னேன். முதல் அத்தியாயத்தின் இறுதியில், பதின்மூன்று வயது நிறைந்த நாளில், சிறுவன் பெயரற்றவனாகவும் ஆடையற்றவனாகவும் குளிர்ந்த ஊற்றுநீரைக் கடந்து வருகிறான். ஓகியன் என்ற மந்திரவாதி அக்கரையில் காத்திருந்து, அவன் கையைப் பற்றி, உண்மைப் பெயரை மெல்ல அவன் காதில் சொல்கிறார். அந்தப் பக்கத்தை முடித்தபோது வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. அந்தப் பெயரை நூலக அறைக்கு வெளியே சொல்வதில்லை என்று பிள்ளைகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள். அதற்குக் கட்டுப்பட்டு நானும் இந்த மடலில் வல்லூறு என்றே எழுதுகிறேன்.

இந்தப் பிள்ளைகள் இந்தக் கதைக்குள் எவ்வளவு எளிதாக நுழைந்தார்கள் என்பதை நீங்கள் அறிய வேண்டும். வல்லூறு மலைத்தீவு ஒன்றில் ஆடு மேய்த்த, தாயில்லாத பிள்ளை. மந்திரம் தெரிந்த சித்தி ஆட்டைக் கூப்பிடும் சொல்லை ஒட்டுக்கேட்டு, பொருள் தெரியாமல் தானும் கத்துகிறான். ஆடுகள் எல்லாம் வந்து அவனை நெருக்குகின்றன, விலகவே மறுக்கின்றன. எங்கள் வகுப்பில் பதினொரு பேர் ஆடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள். அந்த இடத்தில் நான் விளக்கம் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. மொத்தக் கிடையும் ஒரே பக்கம் சாய்ந்தால் நடுவில் நிற்பவனுக்கு எப்படி இருக்கும் என்று அவர்களே மற்றவர்களுக்குச் சொன்னார்கள்.

அடுத்த அத்தியாயத்தில் ஓகியனும் வல்லூறும் மலைவழியே நடக்கும்போது மழை பிடித்துக்கொள்கிறது. அந்த ஊர் மந்திரவாதிகளில் வேறு எவராக இருந்தாலும் ஒரு சொல்லால் மேகத்தை வேறு பக்கம் தள்ளிவிட்டிருப்பார். ஓகியனோ ஒரு மரத்தடியில் படுத்துக்கொண்டு, பெய்வதைப் பெய்ய விடுகிறார். நனைந்து கிடக்கும் வல்லூறு, பயன்படுத்தாத ஆற்றலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மனத்துக்குள் பொருமுகிறான். இந்த ஒரு பக்கத்தைப் பற்றி இரண்டு வெள்ளிக்கிழமைகள் பேசினோம். வகுப்பில் பாதிப் பேர் வல்லூறின் பக்கம் நின்றார்கள். “பெய்யிற மழைய யாராச்சும் போகச் சொல்லுவாங்களா மிஸ்?” என்று கேட்டு ஓகியனின் பக்கம் நின்ற சிறுமி, கண்மாய் நிரம்பாத ஆண்டுகளைப் பற்றி வீட்டில் பேசுவதைக் கேட்டே வளர்ந்தவள். எங்கோ கலிபோர்னியாவில் பிறந்த ஓர் எழுத்தாளர் எழுதிய பக்கத்துக்கு இதைவிடக் கூர்மையான வாசிப்பை நான் எதிர்பார்க்க முடியாது.

இனி அட்டைக்கு வருகிறேன். எங்கள் பிரதியின் அட்டையில், வெளுத்த கன்னமும் பழுப்புப் பொன்னிறத் தலைமுடியும் கொண்ட இளைஞன் ஒருவன் கடல் பாம்பு போன்ற பெரிய டிராகனை எதிர்த்து நிற்கிறான். நீங்கள் மறுஅச்சு செய்யப்போவதும் இதே படம்தான். முதல் அத்தியாயம் முடிந்ததும் வல்லூறை வரைந்து வரும்படி பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். 34 படங்கள் வந்தன. ஒன்றிரண்டைத் தவிர எல்லாவற்றிலும் முகத்துக்கு ‘ஸ்கின் கலர்’ தீட்டியிருந்தது. வெளிர் ரோஜா நிறக் கிரேயானுக்கு எங்கள் பிள்ளைகளிடையே வழங்கும் பெயர் அது. அந்த நிறத்தில் தோல் உள்ள ஒரு பிள்ளையும் எங்கள் பள்ளியில் இல்லை, ஆசிரியர்களிலும் இல்லை. அன்று இதைக் கண்டும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அட்டையைப் பார்த்து வரைந்திருக்கிறார்கள் என்று எண்ணி விட்டுவிட்டேன்.

மூன்றாம் அத்தியாயத்தில் வல்லூறு ரோக் தீவின் மந்திரப் பள்ளிக்குப் போகிறான். அங்கே ஜாஸ்பர் என்ற மூத்த மாணவன் அவனை மட்டம் தட்டுகிறான். வெட்ச் என்ற இன்னொருவன் சோற்றுத் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து பழகுகிறான். வெட்ச்சை அறிமுகப்படுத்தும் இடத்தில், போகிற போக்கில், ஒரே ஒரு வாக்கியத்தில் ஆசிரியர் சொல்லிவிடுகிறார்: அவன் மிகக் கறுத்தவன், வல்லூறையும் ஜாஸ்பரையும் அந்தத் தீவுகளின் பெரும்பாலான மக்களையும் போலச் செம்பழுப்பு நிறத்தவன் அல்லன், கரும்பழுப்பு. நான் அதைத் தமிழில் சொன்னேன். “செம்மண் நிறமா மிஸ்?” என்று ஒருவன் கேட்டான். மாநிறம்தான் என்றேன். முன்வரிசையில் இருந்த சிறுமி எழுந்து வந்து, என் கையிலிருந்த புத்தகத்தை மூடி, அட்டையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, “அப்போ இது யாரு?” என்று கேட்டாள்.

என்னிடம் பதில் இல்லை. பதிலைத் தேடி எடுத்தவர்கள் பிள்ளைகள்தாம். முதல் அத்தியாயத்தில் வல்லூறின் ஊரைக் கொளுத்த வரும் கார்க் படையினரை ஆசிரியர் வெள்ளைத் தோலும் மஞ்சள் தலைமுடியும் கொண்டவர்களாக வருணிக்கிறார். பன்னிரண்டு வயதுச் சிறுவன் தனக்குத் தெரிந்த அரைகுறை மந்திரத்தால் மூடுபனியை வரவழைத்து, அந்தப் படையிடமிருந்து ஊரைக் காப்பாற்றுகிறான். “அப்படின்னா அட்டையில இருக்கறவன் கார்க்தான்” என்றான் ஒருவன். அவன் சொன்னதில் தவறில்லை. உங்கள் அட்டையில் இருப்பவன், வல்லூறின் ஊருக்குத் தீ வைக்க வந்தவர்களில் ஒருவனாக இருக்க முடியும். வல்லூறாக இருக்க முடியாது. படம் நூலோடு பொருந்தவில்லை என்று சொல்வதோடு நிறுத்திவிட முடியாது. அது நூலுக்கு நேர்மாறாக இருக்கிறது.

இன்னொன்றையும் அவர்கள் கண்டுபிடித்தார்கள். நான்காம் அத்தியாயத்தில் ஜாஸ்பரோடு போட்டி போட்டு, செத்துப் போனவளின் ஆவியை அழைக்கத் துணிந்த வல்லூறின் மேல் ஒரு நிழல் பாய்ந்து முகத்தைக் கிழித்துவிடுகிறது. அந்தத் தழும்பு அவன் முகத்தில் நிலைத்துவிடுகிறது. டிராகனை அவன் சந்திப்பது ஐந்தாம் அத்தியாயத்தில். உங்கள் அட்டையில் டிராகன் இருக்கிறது, தழும்பு இல்லை. அவன் செய்த பெரும் பிழையின் அடையாளம் அது. அதுவும் அழகுக்குக் குறைவு என்று துடைக்கப்பட்டுவிட்டது.

அன்று நடந்த ஒன்றை எழுதுவதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். எங்கள் வகுப்பில் மற்றவர்களைவிடக் கறுப்பான ஒரு மாணவன் இருக்கிறான். அவனுக்கு வகுப்பில் ஒரு பட்டப்பெயர் உண்டு. எந்தச் சொல்லாக இருக்கும் என்பது தமிழ் படிப்பவர்களுக்குத் தெரியும், அதை நான் இங்கே எழுத மாட்டேன். வெட்ச் கரும்பழுப்பு நிறத்தவன் என்று வாசித்தவுடன் சிலர் வழக்கம்போல அவன் பக்கம் திரும்பினார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் தொடர்ந்து வாசித்தேன். அடுத்த வாரம் நான்காம் அத்தியாயத்துக்கு வந்தோம். வல்லூறு தோற்று, மெலிந்து, எல்லோரும் ஒதுங்கிப்போன நிலையில் இருக்கும்போது, பள்ளியை முடித்துக் கிளம்பும் வெட்ச் தன் உண்மைப் பெயரை அவனிடம் சொல்லிவிட்டுப் போகிறான். உயிரையே கையில் கொடுப்பதற்குச் சமமான செயல் அது, கேட்காமலே கொடுக்கிறான். அன்றும் பிள்ளைகள் அந்த மாணவன் பக்கம் திரும்பினார்கள். அந்தப் பார்வை வேறாக இருந்தது. மணி அடித்ததும் இரண்டு பேர் அவனைத் தங்களோடு உட்காரக் கூப்பிட்டார்கள். ஒரு பட்டப்பெயர் ஒரே வாரத்தில் மறைந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை தலை நிமிர்ந்து உட்கார்வதற்கு ஒரு நாவலின் ஒரு வாக்கியம் போதுமாக இருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அதே நாவலின் அட்டை அந்த வாக்கியத்தை மறுக்கிறது. நிறம் பொருட்டல்ல என்று எனக்கு எழுதியவர் அன்று எங்கள் நூலகத்தில் இருந்திருக்க வேண்டும்.

ஆசிரியருக்கு நிறம் பொருட்டாக இருந்ததா என்பதில் ஐயத்துக்கு இடமே இல்லை. அவர் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். 2004 டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இந்தக் கதை தொடராக வந்து, வல்லூறாக வெள்ளை நடிகர் ஒருவர் தோன்றியபோது, அதை எதிர்த்து அவர் ஒரு கட்டுரை எழுதினார். வீரசாகசக் கதைகளில் எல்லோரும் ஏன் வெள்ளையராகவே இருக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே தாம் நினைத்ததாக அதில் சொல்கிறார். கதாநாயகனின் நிறத்தை முதல் பக்கத்திலேயே சொல்லாமல் மெல்ல மெல்லக் கசியவிட்டதும் திட்டமிட்டுச் செய்ததுதான் என்கிறார். வாசிக்கும் வெள்ளைக் குழந்தை முதலில் அந்தச் சிறுவனின் தோலுக்குள் புகுந்துகொள்ளட்டும், பிறகு அது தன் தோல் இல்லை என்று உணரட்டும் என்பது அவர் எண்ணம். மூன்றாம் அத்தியாயத்து வாக்கியம் அவ்வளவு சாதாரணமாக வருவதற்குக் காரணம் இதுதான். வெள்ளைக் குழந்தைக்காக அவர் அமைத்த அந்தத் திருப்பம், எங்கள் பிள்ளைகளிடம் வேறொன்றாக வேலை செய்தது: இவ்வளவு நேரம் யாரோ ஒருவனாக இருந்தவன், நம் நிறத்தவன் என்று தெரிந்துகொள்ளும் மகிழ்ச்சி. அட்டை இரண்டு குழந்தைகளிடமிருந்தும் அதைப் பறித்துவிடுகிறது.

முதல் பதிப்பு இப்படி இருக்கவில்லை. 1968இல் பெர்க்லியின் பார்னஸஸ் பதிப்பகம் வெளியிட்டபோது ரூத் ராபின்ஸ் வரைந்த அட்டையில் வல்லூறின் முகம் பழுப்பு நிறத்தில்தான் இருந்தது. மாறியது பிறகு. முதல் பிரிட்டிஷ் பதிப்பின் அட்டையில் இருந்த வெளிறிய, துவண்டுபோன உருவத்தைப் பார்த்துத் தாம் அலறியதாக லெ குவின் எழுதியிருக்கிறார். அட்டைப்படத் துறைகளோடு பலமுறை சண்டையிட்டுப் பெரும்பாலும் தோற்றதாகவும் சொல்லியிருக்கிறார்.

கறுத்த முகம் விற்காது என்ற வாதம் உங்களிடம் இருக்கும். அதற்கும் அவர் 2004இல் சிகாகோவில் புத்தக வணிகர்கள் கூடிய மாநாட்டிலேயே பதில் சொல்லிவிட்டார்: கறுப்பினப் பிள்ளைகளும் அமெரிக்கப் பூர்வகுடிப் பிள்ளைகளும் இந்தியப் பிள்ளைகளும் மாயப் புனைவுகளை வாங்குவதில்லை என்றால், அட்டையில் தங்களை ஒருபோதும் காணாததுதான் காரணமாக இருக்கக் கூடாதா என்று கேட்டார். அந்தப் பட்டியலில் எங்கள் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் வாங்க வந்திருக்கிறார்கள். 40 பிரதிகளுக்கான தொகையைப் பெற்றோர் ஆசிரியர் கழகம் ஒதுக்கிவைத்திருக்கிறது. விற்காது என்று நீங்கள் அஞ்சும் அட்டையைத்தான் நாங்கள் கேட்கிறோம்.

செய்ய முடியாதது என்றும் சொல்ல முடியாது. சார்ல்ஸ் வெஸ் என்ற ஓவியர் ஆசிரியரோடு பல ஆண்டுகள் கலந்து பேசி வரைந்த எர்த்ஸீ முழுத்தொகுப்பு 2018இல், லெ குவின் மறைந்த அதே ஆண்டில், வெளிவந்தது. அதில் தீவு மக்கள் நூலில் உள்ள நிறத்தில்தான் இருக்கிறார்கள். அறிவியல் புனைவுக்கும் மாயப் புனைவுக்கும் வழங்கும் ஹ்யூகோ விருதுகளில் சிறந்த கலைநூலுக்கான விருதும் மறு ஆண்டு அதற்குக் கிடைத்தது. ஆனால் அந்தத் தொகுப்பின் விலையும் எடையும் எங்கள் பிள்ளைகளுக்கு எட்டாதவை. நூலுக்கு உண்மையான படம் விலை உயர்ந்த பதிப்பில் இருக்க, பள்ளிக்கு வரும் மலிவுப் பதிப்பில் பொய்யான படம் இருக்க வேண்டுமா?

நாங்கள் இப்போது நிற்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் அத்தியாயத்தில், தன் நண்பரான படகு கட்டுபவரின் குழந்தையைக் காப்பாற்ற, சாவின் நாட்டுக்குள் அதன் பின்னாலேயே ஓடிய வல்லூறு தோற்றுத் திரும்புகிறான். உயிரற்றவன் போலக் கிடந்தவனை அவனுடைய சிறிய வளர்ப்பு விலங்கு நக்கி நக்கி மீட்கிறது. பிறகு அந்த விலங்கும் செத்துப்போகிறது. அன்று பிள்ளைகள் பலர் அழுதார்கள். ஏழாம் அத்தியாயத்தில் நிழலுக்கு அஞ்சிப் பறவையாகப் பறந்து ஓகியனிடமே வந்து சேர்கிறான். ஓடாதே, திரும்பி நில், உன்னைத் துரத்துவதை நீ துரத்து என்கிறார் ஓகியன். அங்கே நிறுத்தியிருக்கிறோம். அந்த நிழல் யார், அதன் பெயர் என்ன என்று எங்களுக்கு இன்னும் தெரியாது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு விடை வைத்திருக்கிறது. நானும் ஒன்று வைத்திருக்கிறேன். எவரும் அட்டையைப் பார்ப்பதில்லை. ஒரு மாணவி செய்தித்தாளில் புத்தகத்துக்கு உறை போட்டு, மேலே ஒரு வல்லூறை வரைந்து ஒட்டியிருக்கிறாள். ஒரு நல்ல நூலை அதன் அட்டையிலிருந்து பிள்ளைகள் காப்பாற்ற வேண்டிய நிலை வந்திருக்கிறது.

என் கோரிக்கைகள் இவை. மறுஅச்சுக்கு முன் இந்த அட்டையைக் கைவிட்டு, வல்லூறை மாநிறத்தவனாகவும் முகத்தில் தழும்புள்ளவனாகவும் காட்டும் அட்டையைப் போடுங்கள். அதற்கு உடனே இயலாவிட்டால், மனித முகமே இல்லாமல், கடலையோ தீவுகளின் வரைபடத்தையோ பறவையையோ போடுங்கள். பொய்யான முகத்தைவிட முகமில்லாத அட்டையே மேல். எந்த நூலுக்கும் அட்டை வரையக் கொடுக்கும்போது, பாத்திரங்களின் தோற்றத்தை நூலாசிரியர் சொல்லியிருக்கும் வரிகள் அனைத்தையும் தொகுத்து ஓவியரிடம் எழுத்தில் கொடுங்கள். வந்த படத்தை அந்த வரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். இது இந்த ஒரு நாவலுக்கு மட்டும் அல்ல. நம் ஊரிலேயே அச்சாகும் சிறார் நூல்களில், உழவர் வீட்டுப் பிள்ளைக்கும் மீனவர் வீட்டுப் பிள்ளைக்கும் வெளிர் ரோஜாக் கன்னம் தீட்டும் பதிப்பாளர்களும் இதைத் தங்களுக்கு எழுதியதாகவே கொள்ள வேண்டுகிறேன். மேலும், பள்ளிகளுக்கு அனுப்பும் விலைப்பட்டியலில், ஒரு நூலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அட்டைகள் இருந்தால் அவற்றின் படத்தைச் சேர்த்து, தேர்ந்தெடுக்கும் உரிமையை எங்களுக்குக் கொடுங்கள்.

ஜூனில் பள்ளி திறப்பதற்குள் உங்கள் முடிவைத் தெரிவித்தால், ஒதுக்கிய தொகையை இந்த நாவலுக்கே செலவிட முடியும். மூன்றாம் அத்தியாயத்துக்குப் பிறகு பிள்ளைகள் தாமாகவே மறுபடி வரைந்த 34 படங்களை இந்த மடலோடு உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். பழுப்புக் கிரேயான் வகுப்பில் போதாமல், செங்கல் பொடியையும் காப்பித்தூளையும் குழைத்துச் சிலர் தீட்டியிருக்கிறார்கள். ஆகவே கையாளும்போது உதிரும், கவனமாகப் பிரிக்கவும். பார்த்து முடித்ததும் படங்களைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். நூலகச் சுவரில் அவற்றுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு பள்ளி நூலகர்